தெங்கேராவில் கிடந்த கத்தி

அத்தானிடம் ஒரு கத்தி இருந்திருந்தால் என் அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்திருக்காது. தெங்கேரா கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், சிக்கிக்கொண்ட தூண்டில் நரம்பை அறுக்கக் கையில் எதுவும் இல்லாததால் பல்லால் கடித்திருக்கிறார். நரம்பு அறவில்லை. தூண்டில் முள்தான் துள்ளி வந்து கீழுதட்டில் ஏறிவிட்டது. ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் வாயிலிருந்து தொங்கிய நரம்பையும் பிடித்துக்கொண்டு அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் அன்று வேலையில் இருந்தவள் அக்கா.

முள்ளை எடுக்கும்வரை அந்த மனிதர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதை அக்கா யோசிக்கவில்லை. மிகவும் அடக்கமானவர் என்று நினைத்துக்கொண்டாள். மறு வாரம் காயத்தைக் காட்ட வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அதற்குப் பிறகு காட்டுவதற்குக் காயமே இல்லாதபோதும் வந்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு பேசக்கூடியவர் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று அவள் சொல்வாள்.

நாங்கள் அப்போது காஜா பேராங் சாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா நகராட்சி லாரி ஓட்டினார். நான் பக்கத்திலேயே ஒரு தையல் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தான் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அவர் வீடு செட்டி கம்போங் என்ற குடியிருப்பில், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. நெற்றியில் விபூதி, கோயில், பொங்கல், தீபாவளி எல்லாம் அவர்களுக்கும் நம்மைப் போலத்தான். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே தமிழை எங்கோ விட்டுவிட்டு, சாமியையும் சில சொற்களையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

முறையாகப் பெண் கேட்டு வருவதற்கு முன்பே ஒரு நாள் அத்தான் கூடை மீனோடு எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றார். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு நாங்கள் குடிவந்து அதிக காலம் ஆகவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த மலாய், சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான். மீனைச் சுத்தம் செய்தே கொடுத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் அவர் கத்தி இருக்கிறதா என்று மலாயில் கேட்டிருக்கிறார். "அடா பீசாவ்?" என்பதுதான் கேள்வி. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் காதில் விழுந்தது 'அடா பிசாசு'.

ஈரக் கையோடு எழுந்து வந்த அம்மா, "அடாவா? யாரைப் பாத்து அடாங்கிற?" என்று கேட்டாள்.

மலாயில் 'அடா' என்றால் 'இருக்கிறது' என்று அர்த்தம். இருக்கிறது, இருக்கிறது என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்வதாக எண்ணிக்கொண்ட அத்தான், நன்றி சொல்லிச் சிரித்தபடி கத்திக்காகக் கையை நீட்டினார். அக்கா ஓடிவராமல் போயிருந்தால் அந்தக் கையில் என்ன விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கடைசியில் அம்மா சமாதானமாகி அரிவாள்மனையை எடுத்துப் போட்டாள். அதற்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படித்தான் அவர் எங்கு போனாலும் யாரிடமாவது கத்தி கேட்டுக்கொண்டிருந்தார். மாங்காய் கிடைத்தால் கத்தி கேட்பார். பென்சில் முனை உடைந்தால் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பார். தெங்கேராவில் அவருக்குப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் அவர் தலை தெரிந்ததும் கத்தியை மடியில் செருகிக்கொள்வார்களாம். வாங்கிய கத்தியை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. கொடுக்கும்போது இறால் நாற்றத்தோடு கொடுப்பார், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆவணியில் என்று முடிவானது. அது எங்கள் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரவிருந்த வருஷம். தையல் கடையில் பள்ளிச் சட்டைகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொடியும் தோரணமும் தைத்துக்கொண்டிருந்தோம். கொடியில் கோடுகள் தைப்பது சுலபம். நட்சத்திரத்தின் முனைகளை வெட்டுவதுதான் உயிரை வாங்கும். இரவு பகலாக வேலை இருந்ததால் கையில் கூடுதலாகக் காசு சேர்ந்தது. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. மாப்பிள்ளைக்கு மைத்துனன் போட வேண்டிய மோதிரத்தை நான்தான் போட வேண்டும் என்று பேச்சு வந்தது. மோதிரத்தை அம்மா ஏற்கெனவே செய்யக் கொடுத்திருந்தாள். அதைத் தவிர என் சொந்தச் சம்பாத்தியத்தில் அவருக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா கைக்கடிகாரம் என்றார். அக்காவிடம் கேட்டேன்.

"ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுடி. மறுபடி உதட்டைக் கிழிச்சுக்கிட்டு வந்தா நான்தான கட்டுப் போடணும்," என்றாள் அவள்.

புங்கா ராயா சாலையில் ஒரு சீனருடைய இரும்புச் சாமான் கடை இருந்தது. ஆணி, சங்கிலி, விளக்குக் கண்ணாடி, கயிற்றுச் சுருள் எல்லாம் வாசல்வரை தொங்கும். மடக்குக் கத்தி வேண்டும் என்று நான் கேட்டதும் கடைக்காரத் தவுக்கே என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று பார்த்தார் போலிருக்கிறது. யாரும் வரவில்லை என்றானதும் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கத்திகளைப் பரப்பினார்.

முதலில் அவர் காட்டியது கரண்டி, முள்கரண்டி, தக்கை திருகி எல்லாம் மடங்கி உள்ளே ஒளிந்திருந்த ஒரு கத்தி. அதை விரித்து வைத்தால் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் பிடித்தால் கையில் நண்டைப் பிடித்தது போல் இருந்தது. அடுத்தது மாட்டுக்கொம்புக் கைப்பிடி. அழகாகத்தான் இருந்தது. அதை அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். முழுக்க இரும்பில் செய்ததை எடுத்தேன். மீன் பிடிக்கும் ஈரக் கையில் அது நிற்காது. எனக்குத் தேவை மரக் கைப்பிடி என்று சொன்னேன். தவுக்கே பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

அதில் முதலாவதை நகத்தால் நெம்பித் திறக்கப் பார்த்தேன். நகம் உடைந்தது, கத்தி திறக்கவில்லை. இரண்டாவது அதற்கு நேர்மாறு. கையில் எடுத்துத் திருப்பியதுமே தானாக வாயைத் திறந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனிகிறவரின் கதியை நினைத்து உடனே கீழே வைத்தேன். மூன்றாவதாக வந்தது வேறு மாதிரி. பாலாடையின் நிறத்தில் உருண்டு திரண்ட கைப்பிடி, அடிப்பக்கம் லேசாக வளைந்து. நடுவில் மச்சம்போல ஒரு சின்னக் கணு. கழுத்தில் ஓர் இரும்பு வளையம். கத்தியை விரித்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், எவ்வளவு அழுத்தினாலும் மடங்கி விரலைக் கடிக்காது. திறந்தேன், திருப்பினேன், மடக்கினேன். மறுபடி திறந்தேன். எண்ணெயும் மரமும் கலந்த ஒரு வாசனை வந்தது. கையை விட்டு வைக்க மனசு வரவில்லை.

கூர் எப்படி என்று கேட்டேன். தவுக்கே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். சீவினேன். சீவல் சுருள் சுருளாக அறாமல் வந்தது. நம்பிக்கை வராததுபோல் இன்னும் கொஞ்சம் சீவினேன். உண்மையில் அப்படிச் சீவுவது அவ்வளவு சுகமாக இருந்தது. பென்சிலை அவர் திரும்ப வாங்கியபோது அது காதில் நிற்கும் நீளத்தில் இல்லை. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

யாருக்கு என்று கேட்டார். அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கல்யாணப் பரிசு என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும், அதுவும் கல்யாணத்துக்கா என்றார். ஒரு கைவிளக்கை எடுத்து என் முகத்திலேயே அடித்துக் காட்டி, இதை வாங்கிக்கொள், வெளிச்சம் நல்லது என்றார். எனக்குக் கண் கூசியது. கத்திதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அப்படியானால் வாங்குகிறவரிடம் ஒரு செப்புக் காசாவது வாங்கிக்கொண்டு கொடு, விற்றது போல் ஆகிவிடும் என்று சொல்லித்தான் பொட்டலம் கட்டினார். தன்னுடைய சரக்கை விற்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்ட வியாபாரியை நான் பிறகு பார்த்ததில்லை.

வீட்டில் நான் பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மாவோடு அத்தையும் உட்கார்ந்திருந்தார். அத்தை என்றால் அத்தானுடைய அம்மா. கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, கொண்டையில் ஊசி செருகி, நிமிர்ந்து உட்காருவார். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து இந்த இரண்டு சம்பந்திகளும் எதிலும் ஒத்துப்போனதில்லை. அம்மா சாம்பார் என்றால் அத்தை மிளகாய்ச் சம்பால் என்பார். அம்மா காலை முகூர்த்தம் என்றால் அத்தை காலையில் மழை வரும் என்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு இல்லாததால் ஒவ்வொரு சண்டையையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். கொஞ்சம் சர்க்கரை போட்டு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் கல்யாணம் அதுவரை நிற்காமல் இருந்தது.

கத்தியைப் பார்த்ததும் அம்மா, "எடுத்துட்டுப் போ அதை. கத்தி கொடுத்தா உறவு நிக்குமா?" என்றாள்.

அத்தை என்ன என்று என்னைக் கேட்டார். அம்மாவுக்குக் கத்தி ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்று நான் மலாயில் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அம்மா அதற்குள் விரலால் கழுத்துக்கு நேராக ஓர் இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டாள். அத்தையும் அதே விரலால் அதே இழுப்பை இழுத்து, 'பூத்தோஸ்' என்றார். அறுந்துவிடும் என்று அர்த்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்த வீட்டில் முதல் தடவையாக என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

தவுக்கே சொன்ன செப்புக் காசு யோசனையைச் சொன்னேன். அம்மா அதற்கும் இடம் கொடுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது சீர் ஆகுமா, வியாபாரம் அல்லவா, மாப்பிள்ளையிடம் காசு வாங்கினோம் என்று ஊர் பேசவா என்று கேட்டாள். இதை நான் அத்தைக்குச் சொன்னதும் அவர் அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்று அம்மா அவருக்கு இரண்டாம் தடவையும் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் மட்டும் கத்தியும் கையுமாக நின்றேன்.

வழி கண்டுபிடித்தவள் அக்கா. கொடுத்தால்தானே குற்றம், கொடுக்காமல் அவருக்கே கிடைக்கும்படி செய்துவிடலாம் என்றாள். தெங்கேராவில் ஒரு பழைய கல்கட்டு உண்டு. அதன் மூலைதான் அவர் எப்போதும் உட்காரும் இடம். ஞாயிறு காலையில் அவருக்கு முன்னால் போய்க் கத்தியை அங்கே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவர் எடுப்பார், சந்தோஷப்படுவார், பையில் போட்டுக்கொள்வார். கடல் கொடுத்ததாக இருக்கட்டும். கல்யாணம் நெருங்கிவிட்டதால் அக்காவை வெளியே அனுப்பமாட்டார்கள். நான் போனேன்.

கத்தியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, பின்னாலிருந்த கெத்தாப்பாங் மரத்தின் மறைவில் போய் நின்றேன். வைத்ததும் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் எப்படி வருவது? சற்று நேரத்தில் அத்தான் சைக்கிளில் வந்து இறங்கினார். கத்தியைப் பார்த்தார். எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். விரித்தார். வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் என்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பை நறுக்கினார். இறாலை நறுக்கினார். பிறகு கத்தியைக் கடல் தண்ணீரில் அலசிவிட்டு, பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்துத் தோலைச் சீவினார். தோல் அறாமல் நீளமாக வந்ததும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாங்காயைத் தின்று முடித்ததும் கத்தியைச் சட்டையில் துடைத்து மடக்கினார். இனி பைக்குள் போகும் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்து நின்று, கல்கட்டின் அடுத்த முனையில் இருந்த மலாய்ப் பெரியவரைப் பார்த்து, இந்தக் கத்தி யாருடையது என்று உரக்கக் கேட்டார்.

அவருடையது இல்லை. அதற்கடுத்தவருடையதும் இல்லை. அன்று அத்தான் மீன் பிடிக்கவில்லை. கரை நெடுகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கத்தியைக் காட்டிக் கேட்டுக்கொண்டே போனார். நான் மரத்தை விட்டு வெளியே வர முடியாமல் வெயில் ஏறும்வரை நின்றேன்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் காஜா பேராங் சாலையில் கடை கடையாகக் கேட்டார். கத்தியைப் பார்த்த சிலருக்கு ஆசை வந்துவிட்டது. குச்சியில் இறைச்சியைக் கோத்துச் சுட்டு சாத்தே விற்கிறவர் ஒருவர் அது தன்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னார். மடக்கிய கையைத் திறக்காமலே, கழுத்தில் உள்ள வளையம் என்ன நிறம் என்று அத்தான் கேட்டார். சிவப்பு என்றார் அவர். அத்தான் அவரிடம் சாத்தே வாங்கித் தின்றுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அவர் அக்காவிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொண்டதை எல்லாம் எங்கள் வீட்டில்தான் பழகிப் பார்ப்பார்.

"அடேக், இது கத்தி யாரு கத்தி?" என்று என்னிடம் கேட்டார். அடேக் என்றால் தங்கச்சி.

அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னுடையது என்று சொல்லிவிட்டால் அவர் என் கையில் கொடுத்துவிடுவார். பிறகு நான் கொடுக்க முடியாது. தெரியாது அத்தான் என்றேன்.

"ரொம்ப நல்ல கத்தி. விட்டுட்டவன் அழும். பாவம்," என்றார்.

அம்மாவுக்கே மனசு இளகிவிட்டது. "கெடச்சதுதான, நீங்களே வச்சுக்கிடுங்க மாப்பிள்ளை," என்றாள்.

அத்தான் அதிர்ச்சியோடு அம்மாவைப் பார்த்தார். "அம்மா, நீ திருடன் மாதிரி பேசாதே," என்றார். மரியாதையாகச் சொல்லும் விதத்தை அக்கா இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அவர் போன பிறகும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பையன்தான், ஆனால் அந்த வாயில் மறுபடியும் முள் குத்தினால் தேவலை என்றாள். அக்கா உள்ளே பாயில் புரண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து எழுந்து உட்கார்ந்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையான ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறேன் என்று என்னைக் கேட்டாள்.

யாரும் உரிமையோடு வராததால் அத்தான் கத்தியைப் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. போய் மீட்டுக்கொண்டு வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா என்னை விரட்டினாள்.

நிலையத்தில் பெரிய மீசை வைத்த ஒரு மலாய்க் கோப்ரல் இருந்தார். என் கத்தி காணாமல் போய்விட்டது என்றேன். எப்படி இருக்கும் என்று கேட்டார். நிறம், வளையம், மச்சம் போன்ற கணு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். சரிதான், உன்னுடையதுதான், ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்றார். அதை எப்படித் தெங்கேராவில் தவறவிட்டாய் என்றார். தவறவிடவில்லை, வைத்தேன் என்றேன். ஏன் வைத்தாய்? கிடைப்பதற்காக. யாருக்கு? எடுத்தாரே, அவருக்கு. அவருக்குத்தான் கிடைத்ததே, பிறகென்ன? அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கோப்ரல் மீசையைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சொல்லி முடித்ததும் உள்ளே திரும்பி இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார். அவரிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் மரத்தின் பின்னால் நின்ற கட்டம் வந்தபோது தேத்தண்ணீர் கொண்டுவந்தவரும் தட்டை ஏந்தியபடி நின்றுவிட்டார். பொருளைக் கண்டெடுத்தவரும் வர வேண்டும் என்று சொல்லிக் கிடங்குக்கு ஆள் அனுப்பினார்கள்.

உரிமைக்காரன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அத்தான் வேகமாக உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். அங்கே போலீஸ்காரர்களையும் என்னையும் தவிர வேறு யாரும் இல்லை.

கோப்ரல் விஷயத்தைச் சொன்னார். அத்தானுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கோபமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, "அடேக், அன்னிக்கு மரத்துக்குப் பின்னாடி பூப்போட்ட பாவாடை பார்த்தேன். யாரோ துணி காயப் போட்டாங்கன்னு நெனச்சேன்," என்று மலாயில் சொன்னார்.

கோப்ரல் கத்தியை எடுத்து, இந்தா உன் பொருள் என்று என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். என் கைக்கு வந்தால் நானல்லவா கொடுக்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் அத்தான் பக்கம் நீட்டினார். என்னுடையது இல்லாததை நான் எப்படி வாங்குவது என்று அத்தானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெரிய மனிதர் கத்தியை நீட்டியபடி நின்றார்.

அப்புறம் அதை மேசைமேல் வைத்துவிட்டு, உனக்கு இது வேண்டாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு முறை, இவர்கள் முன்னால் சொல் என்றார். சொன்னேன். உரிமைக்காரி வேண்டாம் என்று விட்டுவிட்டால் பொருள் கண்டெடுத்தவருக்குத்தான் என்று சொல்லி, கத்தியை எடுத்து அத்தானுடைய கையை இழுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உறவு அறுந்தா உனக்கும் எனக்கும்தான் அறுந்தது. எனக்கு அதுல வருத்தம் இல்லை. நீ இனிமே எதையும் கண்டெடுத்து இங்க கொண்டு வராம இருந்தா போதும்," என்றார்.

இந்தத் தீர்ப்பை அம்மாவுக்கும் அத்தைக்கும் நான் இரண்டு பேச்சிலும் சொன்னேன். இருவரும் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார்கள். கொடுத்தது யார்? போலீஸ். கத்தி யாரிடமிருந்து வந்தது? போலீசிடமிருந்து. போலீஸ் நமக்கு உறவா? இல்லை. அப்படியானால் சரி என்று விட்டுவிட்டார்கள். ஆனால் நான் வாங்கிய பரிசை எனக்கே சொந்தமில்லாமல் செய்துவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அத்தான் அதைப் புரிந்துகொண்டவர்போல, பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சாலையில் நாங்கள் தைத்த கொடிகளையும் தோரணங்களையும் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. அதனால் பந்தலுக்கு அப்பா தனியாகத் தோரணம் கட்டவில்லை. நாடே நமக்காகக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். சாம்பாரும் இருந்தது, சம்பாலும் இருந்தது.

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு அத்தான் அக்காவையும் என்னையும் தெங்கேராவுக்குக் கூட்டிப்போனார். அக்கா அதுவரை தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. அவர் தன்னுடைய பழைய தூண்டில் ஒன்றில் இறாலைக் குத்தி அவள் கையில் கொடுத்துவிட்டு, மீன் பிடிக்கப் பொறுமை வேண்டும், பேசக்கூடாது, காற்றைப் பார்க்க வேண்டும், நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தன் முள்ளில் இறாலைக் குத்தி முடிப்பதற்குள் அக்காவின் நரம்பு விறைத்துவிட்டது.

வந்தது செம்பிலாங். பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும், மீசை உண்டு. முதுகிலும் பக்கத்திலும் விஷ முள். குத்தினால் நாளெல்லாம் கை எரியும். தொடாதே, தொடாதே என்று அத்தான் பதறினார். ஆனால் அக்கா அதற்குள் ஈரக் கைக்குட்டையால் அதைத் தலைக்குப் பின்னால் அமுக்கிப் பிடித்துவிட்டாள். ஊசிக்குப் பயந்து கட்டிலைச் சுற்றி ஓடும் பிள்ளைகளைப் பிடித்துப் பழகிய கை அது. அத்தான் கத்தியை விரித்து, வளையத்தைத் திருப்பி, முட்களை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார். கூடையில் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் அக்காவுக்கு அடுத்தது மாட்டியது.

அன்று முழுவதும் அப்படியே போயிற்று. அக்கா இழுப்பாள், அத்தான் முள்ளை நறுக்குவார். அவருடைய தூண்டில் கல்லின்மேல் சும்மா கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இடத்தை மாற்றிக்கொண்டு அக்காவுக்கு அருகே வந்துவிட்டார்கள். மலாய்ப் பெரியவர் மட்டும் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார், இறாலில் என்ன மருந்து தடவியிருக்கிறாய் என்று. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அத்தை அந்த மீனில் பிண்டாங் குழம்பு வைத்தார். புளிப்பும் உறைப்புமாக, ஊரையே கூட்டும் வாசனை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு மீனும் எப்படி வந்தது என்று அத்தான் கையை விரித்து விரித்துச் சொன்னார். சொல்லச் சொல்ல மீன் நீண்டுகொண்டே போயிற்று. அக்கா மறுக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

கடல் தண்ணீர் பட்டதில் கைப்பிடி ஊதிப்போய்க் கத்தி இரண்டு நாள் திறக்கவில்லை. அக்கா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்துச் சரிசெய்தாள். அடுத்த ஞாயிறு காலையில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். புதுப்பெண் விடிவதற்குள் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கத்தியையும் தூண்டிலையும் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்குப் போய்விட்டாளாம். மாப்பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டாள். நான் மலாயில் கேட்டேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றார் அத்தை.